அந்தப் பூஜ்ஜியத்தைப் போட்டவள் நான்: காலநிலைப் பொருளாதார ஆய்வாளர்களுக்கு ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

எங்கள் கரைக்கு ஆய்வுக்கு வரும் பொருளாதார அறிஞர்களுக்கும், அந்த ஆய்வை வைத்து எந்த ஊருக்குப் பாதுகாப்பு, எந்த ஊருக்கு இல்லை என்று முடிவு செய்கிறவர்களுக்கும்,

போன மாதம் எங்கள் ஊர் மகளிர் குழுக் கட்டடத்தில் கூட்டம் போட்டீர்கள். சுவரில் ஓர் அட்டவணையைக் காட்டினீர்கள். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் இருக்கிற ஊர்களை வரிசைப்படுத்தியிருந்த அந்த அட்டவணையில் எங்கள் ஊர் கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது. கடல் ஏறினால் இங்கே வரும் இழப்பு, அதைத் தடுக்க ஆகும் செலவைவிடக் குறைவு; அதனால் இந்த முறை எங்கள் கரைக்கு எதுவும் இல்லை என்றீர்கள். நாளாவட்டத்தில் ஊரையே உள்ளே தள்ளி வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் உங்களில் ஒருவர். நீங்கள் வண்டி ஏறியபோது மணி பன்னிரண்டரை. கடல்பாசி எடுக்கப் போயிருந்த பெண்கள் அப்போதுதான் வத்தை என்கிற சின்னப் படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கடலைப் பற்றிய கூட்டம் அவர்கள் கரை சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அந்த அட்டவணை தவறு. இதைத் தெரிந்துதான் சொல்கிறேன். அந்த ஆய்வுக்காக இந்த ஊரில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவர்களில் நானும் ஒருத்தி. தபால் வழியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்திருக்கிறேன். எங்கள் மகளிர் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். ஆய்வுக்கு உள்ளூர் ஆள் வேண்டுமென்று கேட்டபோது சந்தோஷமாகப் போனேன். நம் கடலைப் பற்றி யாரோ கடைசியில் கணக்கெடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

டேப்லெட்டில் 'பெண்ணின் தொழில்' என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் திறக்கும். மீன் விற்பனை இருந்தது. கருவாடு இருந்தது. கூலி வேலை இருந்தது. பாசி எடுப்பது இல்லை. மேற்பார்வைக்கு வந்தவரிடம் கேட்டேன். "எதுவும் பொருந்தலைன்னா இல்லத்தரசின்னு போட்டிருங்க மேடம், அப்பத்தான் அடுத்த கேள்விக்குப் போகும்" என்றார். போட்டேன். விடிகாலையில் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போய், கழுத்தளவுத் தண்ணீரில் ஐந்தாறு மணி நேரம் முங்கி எழுகிற பெண்களை, என் அம்மாவையும் சேர்த்து, இல்லத்தரசி என்று எழுதினேன். 'வருமானம்' என்ற கட்டத்தில் தானாகவே பூஜ்ஜியம் விழுந்தது.

இன்னொரு கேள்வியும் இருந்தது. 'இப்பகுதியின் பவளப்பாறைகளைப் பாதுகாக்க உங்கள் குடும்பம் மாதம் எவ்வளவு பணம் தர விரும்பும்?'

இதை நான் முதலில் கேட்டது என் சின்னம்மாவிடம். கரையேறிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திண்ணையில் உட்கார்ந்து விரல்களில் சுற்றியிருந்த துணிக் கீற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாரில், அதாவது கடலடிப் பவளப்பாறையில், ஒட்டியிருக்கிற பாசியைப் பிய்க்கும்போது கை கிழியாமல் இருக்கத்தான் அந்தத் துணி. அப்படியும் கிழியும். ஆள்காட்டி விரலில் சுற்றிய துணி ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சில் தொட்டு ஈரமாக்கித்தான் உரிக்க முடிந்தது. கேள்வியை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, நான் எதுக்குக் காசு குடுக்கணும்? தீவுப் பக்கம் போகாதேன்னாங்க, போகல. தடைக்காலத்துல எறங்குறதில்ல. பொடிப் பாசியப் பிய்க்காம விட்டுட்டு வர்றோம். அதெல்லாம் காசு இல்லியா? பார் வெந்து வெளுத்துப் போச்சே, அதுக்கு எனக்குல்ல எவனாச்சும் குடுக்கணும்?"

டேப்லெட் எண்ணைத்தான் கேட்டது. 0 போட்டேன். 'காரணம்' என்ற கட்டத்தில் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்.

அந்தக் காரணம் எங்கே போனது? கூட்டம் முடிந்ததும் உங்கள் குழுவில் ஒரு தம்பியிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, மறைக்காமல் சொன்னார். இப்படிப் பதில் சொல்வதை 'எதிர்ப்புப் பூஜ்ஜியம்' என்பார்களாம். கேள்வியையே ஏற்காதவர்களின் பதில் என்பதால் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது வழக்கமாம். எங்கள் ஊரில் பாதிக்கு மேல் அப்படிப் போய்விட்டது என்றார். நான் போய்ப் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். வழக்கம்தான். ஆனால் அதே புத்தகத்தில் வேறு இரண்டு விஷயங்களும் இருக்கின்றன.

1989-இல் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டிய பிறகு, இந்த மாதிரிக் கேள்விகளை நம்பலாமா என்று பார்க்க அமெரிக்காவில் ஒரு குழு போட்டார்கள். நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமை. 1993-இல் அறிக்கை வந்தது. தொகை மிகையாகிவிடக் கூடாது என்பதற்காக, எவ்வளவு வாங்கிக்கொள்வீர்கள் என்று கேட்காமல் எவ்வளவு தருவீர்கள் என்றே கேளுங்கள் என்றது அந்தக் குழு. சரி, உங்கள் கேள்வி அங்கேயிருந்துதான் வந்தது. ஆனால் பதில் சொன்னவரிடம் ஏன் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள் என்று சொன்னதும் அதே குழுதான். நீங்கள் ஏன் என்று கேட்டீர்கள், நான் எழுதினேன். படித்தீர்களா?

இரண்டாவது, இன்னும் அடிப்படையானது. ஒரு பொருள் யாருடையதோ அவர் அதை இழக்கும்போது, எவ்வளவு கொடுத்தால் ஈடாகும் என்று கேட்பதுதான் முறை. அவருக்கு அதில் பாத்தியதை இல்லை என்று வைத்துக்கொண்டால்தான், காப்பாற்ற எவ்வளவு தருவாய் என்று கேட்க முடியும். ஆக, கேள்வியின் வாக்கிய அமைப்பிலேயே கடல் எங்களுடையது இல்லை என்று முடிவாகிவிட்டது. படிக்காத என் சின்னம்மா அதைக் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார். நீங்கள் அவர் பதிலைத் தூக்கிப் போட்டீர்கள்.

அடுத்து, இழப்பு என்று நீங்கள் கூட்டியது எதை? வீட்டின் மதிப்பு, நிலத்தின் மதிப்பு, படகின் மதிப்பு. எங்கள் தெருவில் முக்கால்வாசி ஓலையும் தகரமும்தான். நிலம் புறம்போக்கு, பட்டா கிடையாது; அதனால் அங்கேயும் பூஜ்ஜியம். கொஞ்ச தூரத்தில் ஒரு விடுதி இருக்கிறது. சுற்றுச்சுவரும் நீச்சல் குளமும் கட்டிய அந்த ஒரு வளாகத்தின் மதிப்பு எங்கள் ஊர் முழுவதையும் தாண்டிவிடுகிறது. அலையைத் தடுக்கும் கல் அங்கே கொட்டப்படும். அலை அங்கே தடுக்கப்பட்டால் பக்கத்துக் கரையைத்தான் அரிக்கும் என்பது இந்தக் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஏழைக்கு நேர்வதைக் குறைத்து மதிப்பிடுவது உங்கள் துறையில் புதிது இல்லை. 1995-இல் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழுவின் இரண்டாவது அறிக்கை தயாரானபோது, பொருளாதாரப் பகுதியில் ஏழை நாட்டு மனித உயிருக்குப் பணக்கார நாட்டு உயிரைவிடப் பல மடங்கு குறைந்த விலை போடப்பட்டிருந்தது. வருமானம் குறைவு, ஆகவே மதிப்பும் குறைவு என்பதுதான் தர்க்கம். இந்தியா உட்படப் பல நாடுகள் எதிர்த்து நின்றன. அன்றைக்கு நம் நாட்டுக்காக அந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்டார்கள். இன்றைக்கு அதே தர்க்கத்தை நம் மாவட்டத்துக்குள்ளேயே, பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு நடுவில் போடுகிறீர்கள். இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அப்புறம் வருங்காலத்துக் கணக்கு. நாளைக்கு வரும் இழப்பை இன்றைய பணத்தில் சொல்ல ஒரு தள்ளுபடி விகிதம் வைக்கிறீர்கள். வளரும் நாடுகளின் திட்டங்களுக்கு 10, 12 சதவீதம் என்று வைப்பது நெடுநாள் பழக்கம். உங்கள் அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் 12 என்று இருந்தது. குழுக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்த்தேன். இன்னும் 30 வருடத்தில் கடல் எடுத்துக்கொள்ளப் போகிற 100 ரூபாய், 12 சதவீதத்தில் இன்றைக்கு 3 ரூபாய் 34 காசு. 2006-இல் பிரிட்டன் அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் எழுதிய அறிக்கையில் இருப்பதுபோலச் சுமார் 1.4 சதவீதம் வைத்தால் அதே 100 ரூபாய் கிட்டத்தட்ட 66 ரூபாய். எந்த விகிதம் சரி என்று ஸ்டெர்னும், 2018-இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நோர்ட்ஹாஸும் உடன்படவில்லை. பெரிய விவாதமே நடந்தது. உலக அறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வராத ஒன்றை, எங்கள் ஊரின் தலையெழுத்துக்கு மட்டும் பொடி எழுத்தில் முடித்துவிட்டீர்கள். 30 வருடம் கழித்து இந்தக் கரையில் நிற்கப் போவது இப்போது அங்கன்வாடியில் இருக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு நேர்வதில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் எடுத்துக்கொண்டோம் என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், ஊர் அதற்குப் பதில் சொல்லியிருக்கும்.

இப்போது எங்கள் கடலைப் பற்றிச் சொல்கிறேன். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. அந்தக் காலத்தில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனதும் அதற்குக் காரணம். எங்கள் தாத்தாக்களில் சிலர் அந்தக் கூலிக்குப் போனவர்கள்தான். அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் 2010-லும் 2016-லும் பார் வெளுத்தது யாரும் வெட்டியதால் இல்லை. கோடையில் கடல் நீரின் சூடு 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி நாள்கணக்கில் அப்படியே நின்றால், பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுகிற நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்து, சூடு நீடித்தால் செத்துப்போகும். 2016-இல் அம்மா ஒரு நாள் வெறுங்கோணியோடு வந்து, "தண்ணிக்குள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். செத்த பார் கொஞ்ச நாளில் உதிர்ந்து மணலாகும். பார் தேய்ந்தால் அலையின் வேகத்தைத் தடுக்க ஆள் இல்லை, கரை அரிக்கிறது. இந்தச் சங்கிலி உங்கள் செலவு-பயன் கணக்கில் எங்கே இருக்கிறது? பவளம் ஒரு தலைப்பில், கரை அரிப்பு இன்னொரு தலைப்பில் கிடக்கிறது. அம்மாவின் வெறுங்கோணி எதிலும் இல்லை.

மாற்றுத் தொழில் என்று வளர்ப்புப் பாசி வந்தது. கப்பாஃபைகஸ். மூங்கில் மிதவை கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளைக் கோத்து வளர்த்தார்கள். கடன் வாங்கிக் கட்டியவர்கள் உண்டு. 2013-க்குப் பிறகு தண்ணீர் சூடேறி அது கொத்துக் கொத்தாக அழுகி, விளைச்சல் சரிந்தது. இதற்குள் 2008-லேயே, இந்தத் தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவின் பவளத்தின்மேல் அந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இப்போது பாசி வளர்த்தால் கார்பன் பிடிக்கும், அதற்குப் பணம் வரும் என்று புதிதாகப் பேசுகிறீர்கள். வரட்டும். அதற்கு முன் சென்ற முறை அழுகிப்போன மிதவைகளின் நஷ்டம் யார் கணக்கில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

2024 நவம்பர் 20. கார்த்திகை பிறந்து ஐந்தாம் நாள். வாடைக் காலத்தில் எங்கள் தென்கடல் அடங்கிக் கிடக்கும். பாசிக்கு நல்ல காலம் அதுதான். அன்றைக்கு ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் ஊரிலும் வானம் பிளந்த மாதிரிதான். கரையில் காயப்போட்டிருந்த மரிக்கொழுந்துப் பாசி நனைந்து, வெளிறி, கையில் எடுத்தால் வழவழவென்று நழுவியது. வாங்குகிற வியாபாரி பார்த்துவிட்டு எடை போடாமலே போனார். வீடு விழவில்லை, படகு உடையவில்லை. அதனால் நிவாரணக் கணக்கெடுப்பில் எங்கள் தெருவுக்கு 'பாதிப்பு இல்லை'. குழு நோட்டில் நான் எழுதி வைத்திருக்கிறேன்: அந்தக் கார்த்திகையில் எங்கள் பெண்கள் கடலில் இறங்கியது 5 நாள். அதற்கு முந்தைய கார்த்திகையில் 13. சேமிப்புப் பணம் கட்ட முடியாமல் எட்டுப் பேர் நகை அடகு வைத்தார்கள்.

எங்களுக்குக் காலநிலை மாற்றம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. வீடு இடிந்து வருவதில்லை. வேலை நாள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகிறது. வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள், நல்ல முடிவு. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். சாகாமல், வேலைக்குப் போக முடியாமல் கிடக்கிற நாளுக்கு எதுவும் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளுக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் உண்டு. கடல் தானே தடை போடுகிற நாளுக்கு ஒன்றும் இல்லை.

இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். குஜராத்தில், சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பு 2023-இல் ஒரு காப்பீடு தொடங்கியது. வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், நஷ்டத்தை நிரூபிக்கச் சொல்லாமல், உறுப்பினரான உழைக்கும் பெண்களின் கணக்குக்குப் பணம் போய்விடும். 2024 கோடையில் போனது. தொகை சின்னதுதான். ஆனால் உழைக்க முடியாத ஒரு நாளுக்கு அங்கே விலை இருக்கிறது. காற்றின் வேகம், கடலின் சூடு, மழை அளவு மூன்றையும் அளக்கக் கருவிகள் உண்டு. மண்டபத்தில் 1940-களின் கடைசியிலிருந்தே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. நாங்கள் ஆராய்ச்சிக்குப் பகையானவர்கள் இல்லை. மீனுக்கும் பாசிக்கும் உள்ளூர்ப் பெயர் கேட்டு வந்த விஞ்ஞானிகளுக்கு எங்கள் ஊரில் கருப்பட்டிக் காப்பி கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறோம். எங்களுக்குப் புரியும்படி திரும்பி வந்து பேசியவர்களும் அவர்களில் உண்டு. பொருளாதார ஆய்வும் அப்படி வரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஊரை உள்ளே தள்ளி வைக்கலாம் என்றீர்களே, அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தார்கள். இன்றைக்கும் அங்கே மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. மீன்பாடு அங்கே இருக்கிறது, அதனால் இருக்கிறார்கள். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் எங்களுக்கு ஒரு செலவு. அந்தச் செலவும் உங்கள் கணக்கில் இல்லை.

ஆகவே கேட்கிறேன். முதலில் அந்த முழு அறிக்கையையும் தமிழில் தாருங்கள். சுருக்கம் வேண்டாம். எந்த ஊருக்கு எந்த எண் எங்கிருந்து வந்தது என்பது உட்பட எல்லாம் வேண்டும். அதைக் கிராம சபையில் படித்துக் காட்டி, ஊர் பேசிய பிறகுதான் திட்டப் பட்டியல் இறுதியாக வேண்டும். அதுவரை இப்போதைய பட்டியலை நிறுத்தி வையுங்கள். கூட்டத்தைப் பெண்கள் கடலிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு, மாலையில் வையுங்கள்.

எடுத்துவிட்ட பூஜ்ஜியங்களைத் திரும்பச் சேருங்கள். 'காரணம்' என்ற கட்டத்தில் இருக்கிற எல்லாப் பதில்களையும் பெயர் நீக்கி அறிக்கையின் பின்னிணைப்பாக அச்சிடுங்கள். தொழில் பட்டியலில் பாசி எடுப்பதைச் சேர்த்து எங்கள் ஊரையும், இதே தொழில் நடக்கிற மற்ற ஊர்களையும் மறுபடி கேளுங்கள். அப்போது கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: ஒரு கடல் நாள் போனால் உங்களுக்கு எவ்வளவு ஈடு வேண்டும்? நான் கூலி இல்லாமல் வந்து கேட்டுத் தருகிறேன். 2019-லிருந்து எழுதிய எங்கள் குழு நோட்டுகளையும் தருகிறேன், நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

12 சதவீதத்தோடு சேர்த்து 1.4, 3, 6 சதவீதங்களிலும் அதே அட்டவணையைப் போட்டு ஒரே பக்கத்தில் காட்டுங்கள். எங்கள் ஊர் எந்த வரியில் நிற்கிறது என்று பார்ப்போம். பட்டா இல்லாத நிலத்துக்கும் அதில் குடியிருக்கும் வீட்டுக்கும், திரும்பக் கட்ட ஆகும் செலவை மதிப்பாக வையுங்கள்.

இழந்த வேலை நாளுக்கு ஈடு தரும் ஒரு திட்டத்தை இந்த மாவட்டத்தில், பாசி எடுக்கும் பெண்களிடமிருந்து தொடங்கி, சோதனையாக நடத்தப் பரிந்துரை செய்யுங்கள். மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் ஆட்சியர் தலைமையில் இருக்கிறது. பரிந்துரையை அங்கே எழுத்தில் கொடுங்கள், நகலை எங்களுக்கு அனுப்புங்கள்.

வரும் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. அந்த 61 நாளும் எங்கள் பெண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். அந்த நாள்களில் ஒரு தேதி சொல்லுங்கள். அன்றைக்குச் சின்னம்மாவை நானே அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்; அந்தக் கேள்வியை நீங்கள் அவரிடம் நேரில் கேளுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் படிவங்களை நிரப்பிய உள்ளூர்க் கணக்கெடுப்பாளர்களில் ஒருத்தி,
பாசி எடுப்பவரின் மகள்